கேட்பாரற்றதா, கேட்கப்படாததா?

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சைக்கிளைப்பற்றி எழுதப்போகிறேன். கூட்டணி எங்கே முறியும், எந்தத் தொகுதி எவருக்குக் கிடைக்கும், யார் யாரைச் சந்தித்தார்கள், சந்தித்தபோது சிரித்தார்களா, முறைத்தார்களா என்பனவற்றை எதிர்பார்த்து ஏட்டைப் பிரித்தவர்கள், "இவனுக்கு இன்று எழுதப் பொருள் அகப்படவில்லை போலும்!" என்று முணுமுணுக்கக்கூடும். முணுமுணுத்துக்கொண்டே படியுங்கள். அந்தச் சைக்கிளின் பின்சக்கரத்தோடு ஒரு சட்டமும், முன்சக்கரத்தோடு ஒரு குடும்பத்தின் வயிற்றுப்பாடும் பிணைக்கப்பட்டிருக்கின்றன.

இடம், இராஜா அண்ணாமலைபுரம். ஊர்ப் பெயரிலேயே இராஜா வீற்றிருக்கிறார். 1929-இல் சிதம்பரத்தருகே பல்கலைக்கழகம் எழுப்பியவர், தமிழிசைக்குப் பொருளள்ளித் தந்தவர், அந்தப் பெருமகனாரின் பெயரைத் தாங்கிய பகுதி. பசுமைவழிச் சாலையிலே அமைச்சர்களின் மாளிகைகள்; நீதிபதிகளின் இல்லங்கள். சற்றுத் தள்ளி அடையாற்றின் முகத்துவாரம். இடைப்பட்ட தெருக்களிலெல்லாம் அடுக்குமாடி வீடுகள். அந்த மாடிகளுக்குக் காலையிலே பாலும் பத்திரிகையும் கொண்டு வருகிறவர், பாத்திரம் துலக்குகிறவர், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர், இரவெல்லாம் விழித்திருந்து வாயில் காக்கிறவர் ஆகியோரில் எவரும் அந்த மாடிகளில் வாழ்கிறவர் அல்லர். கடலோரத்துச் சீனிவாசபுரத்திலிருந்து வருகிறார்கள். கால்வாய்க் கரைகளிலிருந்து வருகிறார்கள். இன்னும் தொலைவிலிருந்து பறக்கும் ரயிலில் வந்து இறங்குகிறார்கள். நடந்து வருகிறவர் பலர். சைக்கிளில் வருகிறவர் சிலர்.

அங்கே ஒரு குறுக்குத் தெருவில் நண்பரொருவரின் மொட்டை மாடி. எங்கள் நாடகத்துக்கு அங்கேதான் ஒத்திகை. மன்னன் வேடத்தானுக்கு வசனம் மறந்துபோய், அமைச்சன் வேடத்தான் சிரித்துத் தொலைத்து, ஒத்திகை கலைந்த ஒரு மாலைப்பொழுதில் கீழே இறங்கி வந்தேன். கட்டட வாயிலிலே அறிவிப்புப் பலகை. அதிலே மாநகராட்சிக்கு அனுப்பப்படவிருந்த விண்ணப்பம் ஒன்றின் நகல். குடியிருப்போர் கையெழுத்திட இடம் விட்டிருந்தது. பதினோரு கையெழுத்துகள் அதற்குள் விழுந்தும் இருந்தன.

விண்ணப்பத்தின் சாரம் இது: எங்கள் தெருவிலே, புங்கமரத்தடியிலே, கேட்பாரற்ற சைக்கிள் ஒன்று பல வாரங்களாகக் கிடக்கிறது. அது தெருவின் அழகைக் கெடுக்கிறது. கொசுவை வளர்க்கிறது. உடனே அகற்றி ஆவன செய்ய வேண்டுகிறோம்.

வெளியே வந்து பார்த்தேன். நின்றுகொண்டிருந்தது. ஆம், நின்றுகொண்டிருந்தது! கிடக்கவில்லை. கறுப்பு நிறம், பழைய மாடல், ஆண்கள் ஓட்டும் பார் வைத்த வண்டி. இரண்டு டயரிலும் காற்றில்லை. மட்காடில் துரு. கேரியரில் காய்ந்த இலைகள். ஹேண்டில்பாரில் எவரோ செருகிச் சென்ற துணிக்கடை விளம்பரத் தாள். இவ்வளவையும் விண்ணப்பம் எழுதியவர் பார்த்திருக்கிறார். இன்னும் இரண்டைப் பார்க்கத் தவறிவிட்டார். மரத்தையும் சட்டத்தையும் சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. சீட்டின்மீது ஒரு நெகிழிப் பையைக் கவிழ்த்து, அடியிலே நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது.

சிந்தித்துப் பாருங்கள், தோழரே! கைவிட்டுப் போகிறவன் பூட்டிவிட்டுப் போவானா? இனி வேண்டாம் என்று எறிந்தவன், மழையில் சீட்டு நனைந்துவிடுமே என்று உறை கட்டுவானா? அந்த நூல் முடிச்சு ஒரு வாக்குமூலம். "திரும்பி வருவேன்" என்று எழுதத் தெரியாத கையொன்று எழுதி வைத்த வாக்குமூலம். பட்டம் பெற்ற பதினோரு பேருக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.

கேட்பாரற்றது என்கிறார்களே, கேட்டவர் யார்? நான் கேட்டேன். அதற்கு இரண்டு நிமிடம் பிடித்தது. தெருமுனையில் தள்ளுவண்டியிலே இஸ்திரி போடும் பெரியவர், கையிலிருந்த பெட்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "அது நைட் வாட்ச்மேன் வண்டி தம்பி. பொண்டாட்டிக்கு ஆபரேஷன்னு ஊருக்குப் போயிருக்காரு. திருவண்ணாமலைப் பக்கம். சாவி அவர்கிட்டதான் இருக்கு." எந்தக் கட்டடத்துக்கு வாட்ச்மேன்? விண்ணப்பம் தொங்கிய கட்டடத்துக்கு அடுத்த கட்டடத்துக்கு! அப்படியானால் வண்டியைக் கட்டடத்துக்குள்ளேயே வைத்துவிட்டுப் போயிருக்கலாமே என்றேன். பெரியவர் சிரித்தார். உள்ளே வண்டி நிறுத்துமிடம் வீட்டு உரிமையாளர்களுக்கு மட்டும் உரியதாம். வாயிலைக் காப்பவன் வாயிலுக்கு வெளியே. அவன் வண்டியும் வாயிலுக்கு வெளியே.

இனி அந்த விண்ணப்பத்தின் குற்றச்சாட்டுகளுக்கு வருவோம்.

கொசு! தேங்கிய நன்னீரில் டெங்குக் கொசு முட்டையிடும் என்பது உண்மை. கழற்றிப் போட்ட பழைய டயர் அதற்குத் தொட்டில் என்பதும் உண்மை. ஆனால் இந்த டயர் சக்கரத்தோடு ஒட்டியிருக்கிறது. அதிலே உள்ளங்கை நீரும் தங்காது. அதே தெருவில் நான்கு கார்கள் உறை போர்த்தி நிற்கின்றன. அவற்றில் ஒன்று, நான் அந்த மாடிக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து ஓர் அங்குலம் நகர்ந்ததில்லை. நான்கு டயரும் தரையோடு தரையாக அமர்ந்துவிட்டன. போர்த்திய உறையின் நடுவிலே பள்ளம் விழுந்து, மழைக்காலத்தில் அது குட்டிக் குளமாகிறது. கொசுவைத் தேடிப் புறப்பட்ட கண்களுக்கு அந்தக் குளம் புலப்படவில்லை. ஏன்? காருக்குரியவர் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறார். விண்ணப்பத்தில் நான்காவது கையெழுத்து அவருடையது!

அழகு! ஒரு சைக்கிள் அடைக்கும் இடம் ஒரு மனிதன் கால் நீட்டிப் படுக்கும் இடம். ஒரு கார் அடைப்பது ஒரு குடும்பம் படுத்துறங்கும் இடம். அந்த இடத்துக்கு அவர் வாடகை தருகிறாரா? இல்லை. தெரு பொதுச் சொத்து. பொதுச் சொத்தில் நான்கு சக்கரம் ஆண்டுக்கணக்கில் நின்றால் அது 'பார்க்கிங்'. இரண்டு சக்கரம் மாதக்கணக்கில் நின்றால் அது குப்பை. இந்த அகராதியை எழுதியவர் யார், தோழரே?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 127-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. பொது இடத்திலே ஒரு மோட்டார் வாகனத்தைக் கைவிட்டாலும், கவனிப்பாரின்றிப் பத்து மணி நேரத்துக்கு மேல் விட்டுவைத்தாலும், சீருடையணிந்த காவல் அதிகாரி அதை இழுத்துச் செல்ல அனுமதிக்கலாம். பத்து மணி நேரம்! பத்து மாதமன்று, பத்து ஆண்டன்று. அந்தப் பிரிவு ஏட்டில் உறங்குகிறது; கார் தெருவில் உறங்குகிறது. இரண்டையும் எழுப்ப எவருக்கும் துணிவில்லை. காருக்கு எண் இருக்கிறது. எண்ணுக்குப் பின்னால் பெயர் இருக்கிறது. பெயருக்குப் பின்னால் தொலைபேசியிலே பேசத்தக்க பெரிய மனிதர் யாரேனும் இருக்கக்கூடும் என்ற அச்சமும் இருக்கிறது.

சைக்கிளோ மோட்டார் வாகனமன்று. அதற்குப் பதிவில்லை, எண்ணில்லை, புத்தகமில்லை. ஆகவே அந்தச் சட்டத்தின் கோபத்திலிருந்தும் அது தப்பியது, பாதுகாப்பிலிருந்தும் தப்பியது. குப்பை வண்டியோடு வருகிறவர் அதைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனால், யாருடையது என்று கேட்க ஏடில்லை. எங்கே போயிற்று என்று சொல்ல ஆளில்லை. காயலான் கடைத் தராசில் அது இத்தனை கிலோ இரும்பு. அவ்வளவே.

காவல்துறை கைப்பற்றும் பொருளுக்காவது ஒரு முறை உண்டு. உரியவர் யாரென்று தெரியாத பொருளைக் காவலர் எடுத்தால், குற்றவியல் நீதிபதி அறிவிப்பு வெளியிட வேண்டும். உரிமை கோர 6 மாதம் தவணை தர வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 457-ஆம் பிரிவு அதைச் சொன்னது. 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டமும் அதையே 503-ஆம் பிரிவில் சொல்கிறது. திருடனிடமிருந்து பிடித்த பொருளுக்கு ஆறு மாதத் தவணை! தெருவில் பூட்டி நிறுத்திய காவற்காரன் சைக்கிளுக்கு ஆறு நாள் தவணைகூடக் கிடையாதா?

அந்த முறையும் ஏட்டிலே இனிக்கிறதே தவிர நாட்டிலே கசக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். எந்தக் காவல் நிலையத்தின் பக்கச் சுவரையும் எட்டிப் பாருங்கள். கைப்பற்றிய வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, கொடி படர்ந்து, துருவேறி, எலும்புக்கூடாகக் கிடக்கும். சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கிலே 2002-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம், கைப்பற்றிய வாகனங்களை நெடுங்காலம் காவல் நிலையத்தில் போட்டு வைப்பதால் பயனில்லை, தக்க உறுதி பெற்றுக்கொண்டு விரைவில் ஒப்படையுங்கள் என்று தெளிவாகவே கூறிற்று. இருபதாண்டுகளுக்கு மேலாகிவிட்டன. கொடிகள் இன்னும் படர்ந்துகொண்டுதான் இருக்கின்றன.

சைக்கிளுக்கு எண் இல்லாதிருந்தது எப்போதுமே இல்லை. பெரியவர்களைக் கேளுங்கள். ஒரு காலத்தில் நகரசபையும் பஞ்சாயத்தும் ஆண்டுதோறும் சைக்கிள் வரி வாங்கின. வரி கட்டியவருக்கு ஒரு தகர வில்லை. அதை வண்டியில் மாட்டியிருக்க வேண்டும். மாட்டாதவர், விளக்கின்றி ஓட்டியவர், பின்னால் ஒருவரை ஏற்றிச் சென்றவர் எல்லாரும் முச்சந்தியிலே பிடிபட்டு, காற்றைப் பிடுங்கிவிட்ட வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு திரும்பிய கதைகள் ஆயிரம் உண்டு. ஏழையின் இரண்டு சக்கரத்திலும் காசு பார்த்த அந்த வரி ஒழிந்தது நல்லதே. ஆனால் வரியோடு சேர்ந்து வில்லையும் போயிற்று. வில்லையோடு சேர்ந்து, "இது இன்னாருடையது" என்று வண்டி தன் வாயால் சொல்லும் உரிமையும் போயிற்று.

நான் ஒருபக்கம் மட்டும் பேசுகிறேன் என்று எண்ண வேண்டாம். உண்மையிலேயே கைவிடப்பட்ட சைக்கிள்கள் இல்லையா? இருக்கின்றன. சக்கரமில்லாத சட்டம், செயின் இல்லாத பெடல், கம்பத்தோடு பூட்டப்பட்ட வெறும் எலும்பு. நடைபாதையின் குறுக்கே அவை விழுந்து கிடக்கையில், கைத்தடியால் வழி தடவி வரும் பார்வையற்றவர் தடுக்கி விழுகிறார். மூதாட்டி சாலையில் இறங்கி, பேருந்துக்கு முன்னால் நடக்க வேண்டியதாகிறது. அவற்றை அகற்றத்தான் வேண்டும். இன்றே அகற்ற வேண்டும். திருடியவன் ஓட்டிச் சென்று, அலுத்ததும் போட்டுவிட்டுப் போன வண்டிகளும் அவற்றுள் உண்டு. அவற்றை இழந்தவன் எங்கோ ஒரு தெருவில் நடந்துகொண்டிருப்பான். 1948-இல் இத்தாலியிலே டி சிகா எடுத்த 'சைக்கிள் திருடர்கள்' படத்தைக் கண்டவர்க்குத் தெரியும்: சுவரொட்டி ஒட்டும் தொழிலாளிக்குச் சைக்கிள் போனால் வேலையே போயிற்று. நம் இயக்கத்திலே சுவரொட்டி ஒட்டியவர்களுக்கும், பத்திரிகைக் கட்டைக் கேரியரில் கட்டிக்கொண்டு ஊர் ஊராக மிதித்தவர்களுக்கும் அந்தப் படத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால், கைவிடுகிறவன் ஏழைதான் என்ற எண்ணம் இருக்கிறதே, அதை நான் ஏற்க முடியாது. அடுக்குமாடிகளின் அடித்தளத்துக்குப் போய்ப் பாருங்கள். பிறந்தநாளுக்கு வாங்கிய சிறுவர் சைக்கிள்கள், பிள்ளை வளர்ந்ததும் தூணோரம் தள்ளப்பட்டுக் கிடக்கும். 2020-இல் தொற்று நோய்க்காக ஊரே அடைபட்டிருந்தபோது, உடற்பயிற்சிக்கென்று கியர் வைத்த சைக்கிள்களை வாங்கிக் குவித்தார்களே, அவை எங்கே? பல்லாயிரம் ரூபாய் வண்டிகள் தூசு போர்த்தி நிற்கின்றன. அவற்றுக்கு எதிராக விண்ணப்பமில்லை. அவை உள்ளே நிற்கின்றன!

அதைவிடப் பெரிய கைவிடல் ஒன்றையும் நாம் கண்டோம். சீனத்திலே வாடகைச் சைக்கிள் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு தெருவெல்லாம் வண்டிகளை இறைத்தன. 2017, 2018-ஆம் ஆண்டுகளில் அந்தக் குமிழி உடைந்தது. இலட்சக்கணக்கான சைக்கிள்கள் நகர எல்லைகளிலே மலைபோல் குவிந்தன. அந்தக் கம்பெனிகளுள் ஒன்றான ஓஃபோ, மஞ்சள் வண்டிகளோடு 2018-இல் நம் கோவைக்கு வந்தது. வந்த ஆண்டே விடைபெற்றது. சென்னையிலும் 2019-இல் சீர்மிகு நகரத் திட்டத்தின் பெயரால் வாடகைச் சைக்கிள் நிலையங்கள் திறக்கப்பட்டன. படங்கள் எடுக்கப்பட்டன, பாராட்டுரைகள் பொழியப்பட்டன. பின்னர் அந்த நிலையங்களிற் பல பராமரிப்பின்றிக் கிடந்ததை நகரமே பார்த்தது. அந்தச் சைக்கிள்களைக் கேட்பாரற்றவை என்று விண்ணப்பம் எழுதியவர் எவருமில்லை. 'திட்டம்' என்ற சொல்லுக்கு அவ்வளவு மரியாதை!

இதே நகரம் 2014-இல், மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை இந்தியாவிலேயே முதலாவதாக வகுத்தது. போக்குவரத்துக்கான செலவிலே 60 விழுக்காட்டையேனும் நடப்பவருக்கும் மிதிப்பவருக்கும் ஒதுக்குவோம் என்றது. பாண்டி பஜாரிலே 2019-இல் நடப்பதற்கென்று அகன்ற பாதை அமைந்தது, நன்று, வரவேற்கிறோம். ஆனால் மந்தைவெளியிலோ, பசுமைவழிச் சாலையிலோ, 2004-இல் பறக்கும் ரயில் வந்த அந்த மாபெரும் நிலையக் கட்டடங்களின் அடியிலோ, ஒரு காவற்காரன் நாலு நாள் ஊருக்குப் போனால் சைக்கிளைக் கூரையின் கீழ் நம்பிப் பூட்டிவிட்டுப் போக இடம் எங்கே?

டில்லியின் பார்வையும் இதற்குச் சளைத்ததன்று. 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபோது சைக்கிளுக்கு 12 விழுக்காடு. 2019 ஆகஸ்டிலே மின்சாரக் காருக்கு 12-இலிருந்து 5-ஆகக் குறைத்தார்கள். சைக்கிளுக்கு? 2025 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெட்ரோலும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம், நான் உண்ணும் சோறே போதும் என்று ஓடும் வண்டிக்கு ஆறாண்டுக் காலம் மின்சாரக் காரைவிட மிகுந்த வரி!

ஜப்பானைப் பாருங்கள். ரயில் நிலைய வாயில்களில் விட்டுச் செல்லப்பட்ட சைக்கிள்கள் அங்கே 1981-இல் ஏறத்தாழ 10 இலட்சம். அவர்கள் 1980-இலேயே தனிச் சட்டம் இயற்றியிருந்தார்கள். நிலையங்கள்தோறும் நிறுத்துமிடம் கட்டினார்கள். விட்டுச் சென்ற வண்டியில் எச்சரிக்கை அட்டை கட்டினார்கள். எடுத்துச் சென்றதைக் காப்பிடத்தில் வைத்து, உரியவர் வந்தால் கட்டணம் பெற்றுக்கொண்டு திருப்பித் தந்தார்கள். 1994 முதல் ஒவ்வொரு சைக்கிளும் பதிவெண் ஒட்டியிருக்க வேண்டுமென்றார்கள். பத்து இலட்சம் என்பது, 2010-களின் பிற்பகுதியில் ஒரு இலட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆம்ஸ்டர்டாம் நகரிலே ஆண்டுதோறும் கால்வாய்களிலிருந்து மட்டும் பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம் சைக்கிள்களை வெளியே எடுக்கிறார்கள். தெருவிலே பழுதாகி நிற்பதை உடனே தூக்குவதில்லை, முதலில் அட்டை ஒட்டுகிறார்கள், நாள் தருகிறார்கள், பிறகுதான் கை வைக்கிறார்கள். செல்வத்தில் கொழிக்கும் அந்த நகரங்கள் ஒரு பழைய சைக்கிளுக்கு அவ்வளவு மரியாதை தருகின்றன. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், நூற்றுக்கு 45 குடும்பங்களில் சைக்கிள் இருந்த நாடு நம் நாடு. அவற்றுள் பெரும்பாலான குடும்பங்களுக்கு அதைத் தவிர வேறு வண்டி கிடையாது.

நம் நாட்டிலே அந்த வண்டி செய்த வேலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள் நிறுவனம் அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிசையும் பி.எஸ்.ஏ.-வையும் நாடெங்கும் அனுப்பியது. 1991-இல் புதுக்கோட்டையிலே அறிவொளி இயக்கம் எழுந்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பிக்கச் செய்தார். கல்லுடைத்த பெண்கள், களையெடுத்த பெண்கள், இலட்சத்துக்கும் மேற்பட்டோர், கேலியைக் காலால் மிதித்துக்கொண்டு சைக்கிள் மிதித்தனர். 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கென்று தொடங்கிய விலையில்லாச் சைக்கிள், 2005-06-இல் அரசுப் பள்ளி மேல்நிலை மாணவர் எல்லாருக்கும் வந்தது. ஆட்சிகள் மாறின, அந்தத் திட்டம் நிலைத்தது.

அந்தச் சைக்கிளில் ஒன்று 2006-இல் எனக்கும் கிடைத்தது.

சொல்லத்தான் வேண்டும். பிளஸ் ஒன் வகுப்பிலே வாங்கிய அந்த வண்டியைப் பேருந்தின் கூரைமேல் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்தேன், கல்லூரிப் படிப்புக்காக. இரண்டாமாண்டு நடக்கும்போது தந்தையார் நோயில் விழுந்தார். அன்றிரவே ஊருக்குப் புறப்பட்டேன். தங்கியிருந்த இடத்துக்கு வெளியே ஒரு வேப்பமரம். அதில் சங்கிலி போட்டுப் பூட்டினேன். நானும் சீட்டுக்கு உறை கட்டினேன், தோழரே. அதனால்தான் புங்கமரத்தடியில் அந்த முடிச்சைக் கண்டதும் அதன் பொருள் எனக்குப் புரிந்தது. நாலு நாளில் திரும்பலாம் என்று போனவன், ஐந்து மாதம் கழித்துத் தந்தையில்லாதவனாகத் திரும்பினேன். மரத்தடி பெருக்கிக் கோலம் போட்டிருந்தது. அறுபட்ட சங்கிலியின் இரண்டு கண்ணிகள் மட்டும் வேரோரம் கிடந்தன. "ரொம்ப நாளா யாரும் கேட்கலை, தூக்கிட்டுப் போயிட்டாங்க" என்றார்கள். யார் தூக்கினார்கள், எங்கே கொண்டு போனார்கள் என்று எவருக்கும் தெரியவில்லை. பட்டப்படிப்பு அந்த ஆண்டோடு நின்றது. அதற்குச் சைக்கிள் காரணமென்று சொன்னால் பொய்யாகும். ஆனால் பேருந்துக்குக் காசில்லாமல் நடந்த அந்த மாதங்களில், 'கேட்கவில்லை' என்ற சொல்லை நான் பல முறை மென்றிருக்கிறேன். கேட்க ஐந்து மாதம் எனக்கு நேரமில்லை, ஐயா! தகப்பனார் மூச்சுவிடுகிறாரா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகவே மாநகராட்சியை நாம் கேட்பது பெரிய கோரிக்கையன்று. எடுப்பதற்கு முன்னால் அட்டை கட்டுங்கள். தமிழிலே, பெரிய எழுத்திலே, கட்டிய நாளும் எடுக்கும் நாளும் எழுதுங்கள். ஊருக்குப் போனவன் திரும்பிவர ஒரு மாதமேனும் தாருங்கள். நடைபாதையை அடைத்தால் அன்றே ஓரம் தள்ளி வையுங்கள். ஓரம் தள்ளுவது வேறு, ஒழித்துக்கட்டுவது வேறு. எடுத்ததை வட்டார அலுவலகத்திலே கூரையின் கீழ் வையுங்கள். சட்டத்தில் பொறித்த எண்ணோடு பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள். ஆறு மாதம் எவரும் வரவில்லையானால், காயலான் கடைக்கு அனுப்பாதீர்கள். இரண்டு டியூப், ஒரு செயின், நாலு பிரேக் கட்டை, கொஞ்சம் கோட்டம் எடுத்தால் ஓடக்கூடிய வண்டிகள் அவை. பஞ்சர் ஒட்டும் கடைகள் அருகிவரும் இந்நாளில், அந்தக் கைத்தொழில் தெரிந்தவர்க்கு அந்த வேலையைக் கொடுங்கள். ஓவராயில் செய்த வண்டியைத் தெருப் பெருக்கும் உங்கள் தொழிலாளிக்கே கொடுங்கள். விடியற்காலையில் நடந்துதானே வருகிறார்! வரியில்லாத வில்லை ஒன்றும் கொடுங்கள், வேண்டுமென்று கேட்பவர்க்கு மட்டும். அப்படியே, அந்த 127-ஆம் பிரிவையும் ஒருமுறை எழுப்பி, தரையோடு அமர்ந்துவிட்ட கார்களின் பக்கம் அழைத்துச் செல்லுங்கள்.

வீட்டு உரிமையாளர் சங்கங்களுக்கு வேறொன்று சொல்ல வேண்டும். உங்கள் வாயிலைக் காக்கிறவனின் சைக்கிளுக்கு வாயிலுக்குள்ளே மூன்றடி இடம் கொடுங்கள். 1913 என்ற மாநகராட்சிப் புகார் எண்ணைச் சுழற்றுவதற்கு முன்னால், இஸ்திரி வண்டிக்காரரை ஒரு வார்த்தை கேளுங்கள். தெருவின் பதிவேடு அவர் தலைக்குள்ளே இருக்கிறது.

பலகையில் தொங்கிய அந்த விண்ணப்பம் மாநகராட்சிக்குப் போயிற்றா என்று அறியேன். மறுவாரம் போனபோது பலகையில் அது இல்லை. சைக்கிள் இருந்தது. ஒத்திகைக்கு வரும் பையன்கள் அட்டை ஒன்றில் "இதற்கு உரியவர் இருக்கிறார். ஊருக்குப் போயிருக்கிறார்" என்று எழுதி ஹேண்டில்பாரில் கட்டினார்கள். கீழே நண்பரின் தொலைபேசி எண்ணையும் எழுதினார்கள். சென்ற வாரம் பெய்த மழையிலே எழுத்தெல்லாம் கரைந்துவிட்டதாக இஸ்திரிக்காரப் பெரியவர் சொல்லியனுப்பினார். அறுவை முடிந்துவிட்டதாம்; அந்த அம்மையார் எழுந்து உட்கார்கிறாராம்; அவர் வர இன்னும் பத்து நாளாகுமாம். புது அட்டையை எண்ணெய்ச் சாயத்தில் எழுதிக் கட்டச் சொல்லியிருக்கிறேன்.